கரையை வெட்ட யாருக்கு அதிகாரம்

ஒரு கிராமக் குழு தன் பேரிடர்த் திட்டத்தை எழுதி மேல் அலுவலகத்துக்கு அனுப்பினால், அது கிடைத்த முப்பது நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். விதி அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு வழி விதியில் இல்லை. அரசு அலுவலகங்களில் வாழ்நாள் முழுவதும் கோப்பு பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், பெரும்பாலான கோப்புகள் அந்த மூன்றாவது வழியில்தான் போகின்றன.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய வடிகால். வடகரையில் வீடுகள், தென்கரையில் வயல்கள், அதற்கப்பால் மேட்டில் வயல்காரர்களின் வீடுகள். மேற்கே ஏரியில் உபரியைத் திறந்தால் அந்தத் தண்ணீர் எங்கள் வடிகால் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் பொங்கியிருக்கும் நாளில் அது வாங்காது. தண்ணீர் எதிர்த்து ஊருக்குள் ஏறும். அப்போது தென்கரையை வெட்டி வயலில் விட்டால் வீடுகள் தப்பும், நெல் சாகும். வெட்டாவிட்டால் நெல் தப்பும், மண்சுவர்கள் விழும். விழுகிற சுவருக்கு அடியில் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள்.

இதற்கு ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் மூழ்கப்போகும் வயலின் சொந்தக்காரர்தான் கரையில் முதல் வெட்டைப் போட வேண்டும். அவர் போடாமல் வேறு யாரும் மண்வெட்டியை ஓங்கக் கூடாது. வெட்டும் இடமும் ஒன்றுதான். இரட்டைப் பனைக்கு நேரே, அடியில் கருங்கல் பாவிய இடம். அங்கே வெட்டினால் கல் நிற்கும், உடைப்பு விரியாது. தண்ணீர் வடிந்ததும் வடகரைக்காரர்கள் வீட்டுக்கு இரண்டு ஆளாக வந்து, தங்கள் மேட்டு வயலில் அடர்ந்து நிற்கும் நெற்குத்துகளைப் பிரித்துக் கொண்டுவந்து, மூழ்கிய வயலில் நட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தங்கள் வேலை. அந்த முதல் வயல் என் மனைவியின் தம்பியுடையது. அவனும் அவன் அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் அந்த இடத்தில் முதல் வெட்டைப் போட்டவர்கள்.

இது எங்கும் எழுதப்படவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு வந்த முதல் பெருமழையில் இந்த வழக்கம் வேலை செய்யும் அழகை நேரில் பார்த்தேன். தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும்போதே வடகரையில் நாலு பேர் பொறுமை இழந்து, மைத்துனன் வருவதற்குள் கரையில் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். தென்கரைக்காரர்கள் அவர்களை அங்கேயே வைத்து அடித்தார்கள். ஒருவருக்கு மண்டை பிளந்தது. இன்னொருவருக்குக் காது பாதி கிழிந்து தொங்கியது. அதற்குள் மைத்துனன் ஓடி வந்து பனைக்கு நேரே முதல் வெட்டைப் போட்டான். உடனே அடித்தவர்களும் அடிபட்டவர்களும் சேர்ந்து வெட்ட ஆரம்பித்தார்கள். காது கிழிந்தவர் ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மண்ணைத் தள்ளினார். என் கண்ணில் பட்டது ரத்தம் மட்டும்தான். ஒழுங்கான நடைமுறை ஒன்று இருந்தால் இந்த ரத்தம் சிந்தாது என்று முடிவு செய்தேன்.

கடலோர ஊர்கள் எல்லாம் தங்களுக்கென்று ஒரு பேரிடர்த் திட்டம் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது நான் தயாராக இருந்தேன். குழுவின் செயலாளராக என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் வேறு யாருக்கும் ‘பொருள்’, ‘பார்வை’ என்று கடிதத்தைத் தொடங்கத் தெரியாது.

கூட்டங்கள் புயல் பாதுகாப்பு மையத்தின் கூடத்தில் நடந்தன. பெண்கள் கோலப்பொடியால் தரையில் ஊரை வரைந்தார்கள். வடிகாலுக்கு நீலம், வீடுகளுக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை. முதல் இரண்டு கூட்டங்களில் படகு, ஜெனரேட்டர், கர்ப்பிணிகள் பட்டியல் என்று எல்லாம் சுமுகமாகப் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில் கரை பற்றிய பேச்சை எடுத்தேன். இனி அலுவலர் உத்தரவில்லாமல் கரையைத் தொடக் கூடாது என்று எழுதப்போவதாகச் சொன்னேன்.

வடகரையில் மொபெட்டில் மீன் விற்கும் ஒருவர் எழுந்தார். குரல் தெரு முனை வரைக்கும் கேட்கும் மனிதர்.

“வூட்ல தண்ணி பூந்தா நான் மொதல்ல பொண்டாட்டியத் தூக்கறதா, உத்தரவத் தேடறதா சார்?”

“உன் வூட்டுக்குத்தான் ரெண்டு கதவாச்சே. ஒண்ணுல பூந்து இன்னொண்ணுல போவட்டும்” என்றார் தென்கரைக்காரர் ஒருவர். என் மைத்துனனின் பங்காளி, டிராக்டர் வைத்திருப்பவர்.

“போவும் போவும். போறப்ப உன் நெல்லையும் இட்டுனு போவும்.”

“என் நெல்லு மேல கை வெச்சிப் பாரு.”

“கை எதுக்கு? காலே போதும்.” சொல்லிவிட்டு மீன் வியாபாரி தரையில் வரைந்திருந்த பச்சையை மிதித்தார்.

முதல் பிளாஸ்டிக் நாற்காலி எந்தப் பக்கத்திலிருந்து பறந்தது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. பறந்த நாற்காலிகளில் ஒன்றின் கால் உடைந்து, உடைந்த கால் ஒருவர் புருவத்தைக் கிழித்தது. பெண்கள் வரைந்த ஊர் சிதைந்து எல்லோர் வேட்டியிலும் ஏறியது. புருவம் கிழிந்தவர் நீலப்பொடியில் விழுந்து எழுந்து, ஊதா முகத்தோடு எதிராளியின் கழுத்தைப் பிடித்தார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ‘உறுப்பினர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதினேன். எனக்கு வேண்டிய பத்தியும் அன்று மாலையே எழுதியாகிவிட்டது:

‘தென்கரையைத் திறப்பது தகுதி வாய்ந்த அலுவலரின் எழுத்துப்பூர்வமான உத்தரவின்பேரில் மட்டுமே நடைபெறும். உத்தரவின்றித் திறந்தால் வயல்களுக்கு நிவாரணம் கோர இயலாது.’

கையெழுத்து வாங்க மைத்துனன் வீட்டுக்குப் போனேன். டிராக்டருக்குக் காத்திருந்த விதை மூட்டைமேல் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தான்.

“மொத வெட்டு எங்க மாமா இதுல?”

“அதுக்குப் பதிலாத்தான் உத்தரவு.”

“உத்தரவு போடறவுருக்கு இங்க வயலு இருக்குதா?”

“வயலு இருக்கறவன் போட்டா அது உத்தரவு ஆவாது மாப்ள.”

“சரி, நடவு?”

“நிவாரணம் கேப்போம்.”

“நிவாரணம் வந்து குனிஞ்சி நடுமா?” என்று சிரித்தான். பிறகு, “நீங்க படிச்சவுரு. ஜாஸ்தி யோசிச்சித்தான் எழுதியிருப்பீங்க” என்று கையெழுத்துப் போட்டான். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை ஒழுங்காகத் திரும்பி வந்தது. முப்பது நாள் புரட்டாசியில் முடிந்தது. ஐப்பசியில் இரண்டு நினைவூட்டுக் கடிதம் போட்டேன். கார்த்திகையில் புயல் வந்தது.

காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது. மரங்கள் தெற்கே வளைந்து தாக்குப்பிடித்தன. பிறகு ஒரு மணி நேரம் இலை அசையவில்லை. அது முடிந்து தெற்கிலிருந்து திரும்பி அடித்தபோது, ஒரு பக்கம் வேர் தளர்ந்திருந்த மரங்கள் எல்லாம் மறுபக்கமாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்தன. பக்கத்து வீட்டுக் கொட்டகையின் தகரம் பறந்து வந்து, கட்டுத்தறியில் கட்டியிருந்த பசுவின் கழுத்தை அறுத்தது. விடிந்து பார்த்தபோது கயிறு அவிழாமல் இருந்தது, தலை மட்டும் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. கைபேசிக் கோபுரம் இரண்டாக மடிந்திருந்தது. மழை விடவில்லை. மறுநாள் காலை மேற்கே ஏரியைத் திறந்துவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு வடகரை வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். குழந்தைகளையும் கிழவர்களையும் பாதுகாப்பு மையத்துக்கு ஏற்றிவிட்டோம்; அதுவரை திட்டம் நன்றாகவே நடந்தது. பிறகு ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு கரைக்கு வந்தார்கள். பனைக்கு அந்தப் பக்கம் வடகரைக்காரர்கள், இந்தப் பக்கம் தென்கரைக்காரர்கள். நடுவில் நான், திட்டத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். உத்தரவு கேட்டு, வயர்லெஸ் இருக்கும் காவல் நிலையத்துக்குக் கிராம உதவியாளரை அனுப்பியிருந்தேன்.

மைத்துனன் மண்வெட்டியோடு வந்தான்.

“மாமா, தண்ணி நிக்காது. நான் போட்டுர்றேன். நீங்க அப்பறமா எழுதிக்குங்க.”

டிராக்டர் பங்காளி குறுக்கே வந்தார். “யாரக் கேட்டுப் போடற? உத்தரவு இல்லாம வெட்டுனா ஒருத்தனுக்கும் நிவாரணம் இல்ல. ஒன் மாமாதான எழுதுனாரு? உன் வயலோட போவுமா? எங்களுதும் சேந்துல்ல போவும்.”

மைத்துனன் என்னைப் பார்த்தான். “சொல்லுங்க மாமா.”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். பத்தியை எழுதியவனே அதை மீறச் சொல்வது எப்படி என்று யோசித்தேன். “அரை மணி நேரம் பொறு. ஆள் போயிருக்குது” என்றேன்.

அவன் மண்வெட்டியைக் கீழே இறக்கினான். மழை பெய்துகொண்டே இருந்தது. வடகரைக்காரர்கள் முதலில் கெஞ்சினார்கள், பிறகு என் தாயைப் பற்றிச் சொன்னார்கள். போன ஆள் திரும்பவில்லை; அரை மணி முடிந்ததா என்று தெரியாது. என் கைக்கடிகாரத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. மீன் வியாபாரியின் வீட்டுச் சுவர் விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பாத்திரம் எடுக்கத் திரும்பிப் போன அவர் மனைவி அதன் அடியில் இருந்தாள். உயிரோடு எடுத்தார்கள், இடுப்பு நொறுங்கியிருந்தது. அவள் கத்திய கத்தல் வடிகாலின் இரைச்சலைத் தாண்டிக் கரைக்கு வந்தது.

மைத்துனன் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை ஓங்கினான். பங்காளியும் தன் மண்வெட்டியை வீசினார். தடுப்பதற்காகத்தான் வீசினேன், வெட்ட அல்ல என்று பிறகு சொன்னார். நான் நான்கடி தூரத்தில் நின்றேன், அவர் சொன்னது உண்மைதான் என்று நினைக்கிறேன். தகடு, மைத்துனன் காம்பைப் பிடித்திருந்த இடத்தில் இறங்கியது. அவன் வலது கையின் மூன்று விரல்கள் கரையில் விழுந்தன. கையைப் பார்த்தான், கீழே பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். அவன் மண்வெட்டி கரையைத் தொடவே இல்லை.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. வடகரைக்காரர்கள் பாய்ந்தார்கள். மண்வெட்டிக் காம்பு, கடப்பாறை, மூங்கில், பல், எது கிடைத்ததோ அது. ஒருவன் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் சேர்ந்து வந்தன. இரண்டு பேர் கட்டிப்பிடித்தபடி தண்ணீருக்குள் உருண்டார்கள், தண்ணீருக்குள்ளும் அடித்துக்கொண்டார்கள். என் தோளில் ஒரு காம்பு விழுந்து நான் சேற்றில் போனேன். “குழுவைக் கூட்டணும், குழுவைக் கூட்டணும்” என்று நான் கத்தியதாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. கத்தியிருக்கக்கூடியவன்தான்.

வடகரைக்காரர்கள் பனைக்குப் போகவில்லை. அடிதடியில் எங்கே நின்றார்களோ அங்கேயே வெட்டினார்கள். அந்த இடத்தில் கல் கிடையாது, வெறும் மண். நாலு வெட்டில் கரை வாய் பிளந்தது. கண் முன்னால் ஒரு பேருந்து நுழையும் அகலம் ஆனது, பிறகு இரண்டு பேருந்து. வெட்டியவர்களில் ஒருவனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அடித்தவனே வேட்டியை அவிழ்த்து வீசி அவனைப் பிடித்து இழுத்தான். தண்ணீரோடு வடிகாலின் அடி மணல் முழுவதும் கிளம்பித் தென்கரை வயல்களின் மேல் போய்ப் படுத்தது.

நான் சேற்றில் முழங்காலிட்டு விரல்களைத் தேடினேன். இரண்டு கிடைத்தன. வைக்க வேறு ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து திட்டத்தை உருவி எறிந்துவிட்டு, அதில் போட்டுக்கொண்டேன்.

மைத்துனனைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோக, அந்தத் தண்ணீரில் போகக்கூடிய ஒரே வண்டி பங்காளியின் டிராக்டர்தான். அவரேதான் ஓட்டினார். வழியெல்லாம் அழுதார், அழுதபடியே திட்டினார்.

“நீ எதுக்குடா கைய வெச்ச? உன்ன யாருடா கைய வெக்கச் சொன்னது?”

“ரோட்டப் பாத்து ஓட்டு. பள்ளத்துல உட்டா இருக்கற ரெண்டும் பூடும்” என்றான் மைத்துனன்.

விரல்களைச் சேர்க்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

தண்ணீர் ஒரு வாரத்தில் வடிந்தது. முழங்கால் உயர மணலில் நெல்லின் நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. வடகரையிலிருந்து நடவுக்கு ஒருவர்கூட வரவில்லை. மீன் வியாபாரியிடம் என் மனைவி போய்க் கேட்டாள். அவர் மனைவி சிதம்பரத்தில் இன்னும் படுக்கையில் இருந்த நேரம் அது.

“உங்க தம்பி வெட்டிக் குடுத்தாரா அக்கா? குடுத்தா வந்து நடுவோம். நாங்களாத்தான எடுத்துக்கினோம்?” என்றார்.

கரையைச் சட்டவிரோதமாக உடைத்ததாக வழக்குப் பதிவானது. முதலில் வெட்டியது யார் என்று போலீஸ் இரண்டு கரையிலும் விசாரித்தது. வடகரைக்காரர்கள் மைத்துனன் பெயரைச் சொன்னார்கள். முதல் வெட்டு அந்தக் குடும்பத்துடையது, அதை இன்னொருவன் தன் மேல் போட்டுக்கொள்வதை அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தென்கரைக்காரர்களும் அவன் பெயரையே சொன்னார்கள். குற்றம் அவன் ஒருவனோடு நின்றுவிட்டால் மற்றவர்கள் நிவாரணத்துக்குப் பழுதில்லை. கையில் கட்டோடு படுத்திருந்தவன், கரையைத் தொடாமலே வழக்கின் முதல் எதிரி ஆனான். கைது செய்வார்களா என்பது ஒன்றுதான் எங்கள் வீட்டில் இரவும் பகலும் பேச்சு.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. “உங்க திட்டத்துக்கு ஒப்புதல் வந்திருந்தா கொண்டாங்க சார். அவசரத்துல யாரு தொறக்கலாம்னு மேல எதாவது திருத்திச் சேத்திருந்தா, அதுபடி எழுதிடறேன். ஒப்புதல் இல்லாத திட்டம் எனக்கு வெறும் பேப்பர்தான்” என்றார்.

மூன்றாவது நினைவூட்டு, நான்காவது நினைவூட்டு. பிறகு கடலூரில் இருந்த மேல் அலுவலகத்துக்கு நேரில் போனேன். கோப்பு இந்தப் பிரிவில் இல்லை, அந்தப் பிரிவில் இருக்கிறது என்றார்கள். அந்தப் பிரிவில், இந்தப் பிரிவுக்கே திருப்பியாயிற்று என்றார்கள். ஒரு நாளில் நாலு முறை மாடி ஏறி இறங்கினேன். ஐந்தாவது முறை, எழுத்தர் தலையை நிமிர்த்தாமல், “எழுதிக் குடுத்துட்டுப் போங்க பெரியவரே” என்றார். இந்த வாக்கியத்தை நான் என் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லியிருக்கிறேன், இதே போலத் தலையை நிமிர்த்தாமல். அவர் மேசையைக் கவிழ்த்தேன். தண்ணீர்ச் செம்பும் கோப்புகளும் கண்ணாடி பேப்பர் வெயிட்டும் சிதறின. கண்ணாடித் துண்டு அவர் முழங்கையைக் கிழித்தது. இரண்டு பேர் என் கையை முறுக்கிப் பின்னால் பிடித்து வராந்தாவில் உட்காரவைத்தார்கள். என் வயதைப் பார்த்து, மன்னிப்புக் கடிதம் எழுதினால் போதும் என்றார்கள். எழுதினேன். அதிலும் ‘பொருள்’, ‘பார்வை’ போட்டுத்தான் எழுதினேன்.

தை கழிந்து அலுவலர்கள் சமாதானக் கூட்டம் கூட்டினார்கள். இரு தரப்பும் புகாரை வலியுறுத்துவதில்லை, கரை வழக்கும் அத்தோடு முடியும். அதற்கு ஈடாக, மைத்துனன் குடும்பத்தார் இனி எக்காலத்திலும் கரையைத் திறப்பதில் எந்த உரிமையும் கோருவதில்லை. இதுதான் உடன்பாடு. திட்டத்துக்கு மேலிருந்து பதில் வரும்வரை தள்ளிப்போடலாமா என்று நான் கேட்டேன்.

“எதுக்கு மாமா?” என்றான் மைத்துனன். “வந்து இன்னா சொல்லப் போவுது? நீங்களே எழுதிடுங்க. உங்களுக்குத்தான் நல்லா வரும்.”

நானே எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அவன் இடது கையால், குழந்தை எழுதுவதுபோலக் கையெழுத்திட்டான். அந்த வாரமே, வயலைப் பூட்டிப்போட்டதுபோல் மணலோடு விட்டுவிட்டு, பண்ருட்டியில் முந்திரி மண்டி ஒன்றுக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டான்.

உறை வந்தபோது என் மனைவிதான் தபால்காரரிடம் வாங்கினாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது, ஒரு திருத்தத்தோடு. எழுத்துப்பூர்வ உத்தரவு பற்றிய என் பத்தி குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு பொறியாளர் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: ‘அவசரத்தில் உத்தரவுக்குக் காத்திருப்பது ஆபத்து. முதலில் மூழ்கும் வயலின் உரிமையாளர் சம்மதித்துத் திறந்தால் போதுமானது.’ கீழே கையெழுத்து. கையெழுத்தின் கீழே தேதி: புயலுக்குப் பதினோரு நாள் முன்பு.

பண்ருட்டிக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். பின்னால் லாரிகளின் சத்தம் கேட்டது.

“கையெழுத்து எப்ப போட்டிருக்குன்னீங்க?”

சொன்னேன்.

“மாமா, மொத வெட்டுக்குன்னே நாங்க வெச்சிருந்த மண்வெட்டி உங்க வூட்டுப் பின்னால கெடக்குது. அந்த மீன்காரனுக்குக் குடுத்துடுங்க. சொவரு எடுக்கறான்ல” என்றான். பிறகு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான்.

நான் போனைக் கீழே வைத்தேன். கடிதம் கைக்கு வந்தால் உறையின் ஓரத்தில் நாளைக் குறித்துச் சுருக்கொப்பம் இடுவது என் பழக்கம். பேனாவை எடுத்து எழுதினேன்.

பெறப்பட்டது: மார்ச் 3, செவ்வாய்க்கிழமை.